ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு

முதல் நாள் மணி காலைச் சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். சித்திரை வெயிலில் யாருக்குத்தான் பசிக்கும் என்றேன். இரண்டு நாள் கழித்துப் பின்னங்காலை நொண்டினான். மதில் ஏறிக் குதித்திருப்பான் என்றாள் மனைவி. அடுத்த வாரம் இடது கண்ணில் லேசாக நீலம் பாய்ந்தது. ஏழு வயதாகிறது, புரை விழுகிறது போலும் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா, "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடுங்க" என்றார். அதையும் செய்தோம். வயிற்றுத் தோலில் மிளகாய்த்தூள் சிந்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள் வந்தபோது கொசுக்கடி என்று நானே முடிவு கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பார்த்தால் அவன் படுக்கும் சாக்கெல்லாம் ரத்தம். மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது, நிற்கவில்லை. அன்றுதான் ஆட்டோ பிடித்தேன்.

மருத்துவர் முதலில் அவன் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்த வேட்டித் துணி மாதிரி இருந்தது. "உண்ணி இருந்துச்சா?" என்று கேட்டார். கோடையில் எப்போதும் இருக்கும் டாக்டர், பிடுங்கிப் போட்டுவிடுவோம் என்றேன். ரத்தம் எடுத்தார்கள். குறைந்தது இரண்டு லட்சம் இருக்க வேண்டிய தட்டணுக்கள் பன்னிரண்டாயிரம் இருந்தன. நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்ததும் அவர் சொன்னார்: "எல்லாமே ஒரே நோய்தான் சார். அது உங்களை அஞ்சு தடவை கூப்பிட்டிருக்கு."

நாய் வளர்க்கும் ஒவ்வொருவரிடமும் அந்த வாக்கியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாய்க்கு வரும் நோய் ஒற்றை அறிகுறியோடு வந்து நிற்பது அபூர்வம். இரண்டு மூன்றாக, இடைவெளி விட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல வரும். நாம் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சமாதானம் ஆகிவிடுகிறோம். அந்தச் சமாதானத்துக்குப் பின்னால் சோம்பல் இருக்கிறது, செலவுக் கணக்கு இருக்கிறது, "நாய்தானே" என்ற நினைப்பும் இருக்கிறது. என்னிடம் மூன்றும் இருந்தன.

மணிக்கு வந்தது எர்லிக்கியா. ஊரில் பொதுவாக உண்ணிக்காய்ச்சல் என்பார்கள். பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது ஒரு பாக்டீரியா உள்ளே போய் வெள்ளை அணுக்களுக்குள் குடியேறுகிறது. கடித்து எட்டிலிருந்து இருபது நாளுக்குள் காய்ச்சல் வரும். நாய் சாப்பிடாமல் கிடப்பது அதனால். மூட்டுகள் வீங்கும், ஆகவே நொண்டல். கண்ணுக்குள் அழற்சி வரும், அது வெளியே நீலமாகத் தெரியும். தட்டணுக்கள் அழிந்துபோவதால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்து புள்ளி விழும், கடைசியில் மூக்கு உடையும். நான் வெயில், மதில், வயது, கண்ணேறு, கொசு என்று ஐந்து பேர் மேல் பழி போட்டேன். குற்றவாளி ஒருவன்தான், அவனை என் கையாலேயே பிடுங்கிக் காலால் நசுக்கியும் இருக்கிறேன்.

இந்த நோயின் வஞ்சகம் இன்னொன்று. இரண்டு நான்கு வாரத்தில் முதல் கட்டம் பல நாய்களுக்குத் தானாகவே அடங்கிவிடும். மருந்தே கொடுக்காமல் நாய் எழுந்து சாப்பிடும், வாலாட்டும். "பாத்தியா, தானா சரியாப் போச்சு" என்று நாம் சொல்லும் கட்டம் அதுதான். கிருமி மண்ணீரலில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும். சில நாய்களுக்கு அது மூன்றாம் கட்டத்துக்குப் போய் எலும்பு மஜ்ஜையே வற்றிவிடும். அப்புறம் புது ரத்தம் ஊறாது. யோசித்துப் பார்த்தால், முந்தைய மார்கழியில் மணி நாலு நாள் சுருண்டு கிடந்தான். குளிர் என்றோம்.

நான் மட்டும் ஏமாந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தன்னோடு கொண்டுபோன ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்கள் 1968 முதல் மூக்கில் ரத்தம் வழிந்து செத்துக்கொண்டிருந்தன. கூடவே மருத்துவர்கள் இருந்தார்கள், ஆய்வகம் இருந்தது. ஆனாலும் தொடக்கத்தில் அதற்கு வைத்த பெயர் 'காரணம் தெரியாத ரத்தப்போக்கு நோய்' என்ற பொருளில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஓர் அறிகுறியை நோயின் பெயராக்கிவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் போன பிறகுதான் உண்ணியும், அல்ஜீரியாவில் 1935-இலேயே விவரிக்கப்பட்டிருந்த அந்தக் கிருமியும் கணக்கில் வந்தன. படிப்பாளிகளுக்கே அப்படி என்றால் நாம் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

ஆகவே முதல் வேலை உண்ணி. ஒன்றிரண்டு உண்ணி இருந்தால் என்ன என்று கேட்காதீர்கள். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது அதன் ஆயுளில் கொஞ்ச நேரம்தான், மிச்சக் காலமெல்லாம் சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் சாக்குக்கு அடியிலும் காத்திருக்கிறது. நகத்தால் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுத்து, ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் பினாயில் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவதும் நம் தெருக்களில் இன்றும் நடக்கிறது. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். பினாயில் தோல் வழியாகவும், நாய் தன்னை நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே போய் விஷமாகும். மாதம் ஒன்று, அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று எடைக்குத் தக்கபடி கொடுக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. வலிப்பு வரும் நாயாக இருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

நோய் வந்தபின் கொடுக்கும் மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. எர்லிக்கியாவுக்கு வழக்கமாக எழுதித் தரும் டாக்சிசைக்ளின் மாத்திரை இருபத்தெட்டு நாள் வரை போகும். ஐந்தாம் நாளே நாய் துள்ள ஆரம்பித்துவிடும், நம் ஆட்களும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும், அதற்குப் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. சோற்றுக்கு நடுவில் உருட்டிக் கொடுங்கள். நாள் எண்ணிக் கொடுங்கள். பாதியில் நிறுத்திய மருந்து, நோயை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டதற்குச் சமம்.

மணிக்கு நான் செய்த இன்னொரு காரியத்தை மருத்துவரிடம் சொல்லவே கூசியது. நொண்டத் தொடங்கிய அன்று, எனக்கு மூட்டு வலிக்கு எழுதித் தந்திருந்த மாத்திரையில் பாதியை ஒடித்துப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். மனிதருக்கான வலி மாத்திரை நாயின் வயிற்றில் புண் போடும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அந்த வகைதான். தட்டணு இல்லாத நாய்க்கு வயிற்றில் புண்ணும் வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலும் இளப்பமான சங்கதி இல்லை. அளவு மிஞ்சினால் ஈரல் கெடும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும். மருந்துக்கடைக் கவுன்டரில் போய் "நாய்க்குப் பேதி, ஏதாவது குடுங்க" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். கொடுப்பவர்களையும் பார்க்கிறேன். இருவருக்கும் சொல்கிறேன், செய்யாதீர்கள். அரிப்புக்கு ஸ்டீராய்டு, பேதிக்குக் கட்டு மாத்திரை, காய்ச்சலுக்கு வலி மாத்திரை என்று அறிகுறிக்கு ஒன்றாகக் கொடுத்தால், நோய் வாய் திறந்து சொல்ல வந்ததை நாமே வாயை அடைத்து அனுப்பிவிடுகிறோம்.

ஓர் அறிகுறிக்கு எத்தனை முகம் உண்டு என்பதற்குத் தண்ணீரைச் சொல்கிறேன். நாய் திடீரென நிறையத் தண்ணீர் குடிக்கிறது, வீட்டுக்குள்ளேயே மூத்திரம் விடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? அடிக்கிறோம். இல்லையென்றால் மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர்ச் சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தாலும், சர்க்கரை நோய் வந்தாலும் நாய் இப்படித்தான் குடிக்கும். அந்த நிலையில் தண்ணீரைப் பறிப்பது கொலை செய்வதற்குக் கொஞ்சம்தான் இப்பால். கருத்தடை செய்யாத பெண்நாயாக இருந்து, பருவத்துக்கு வந்து ஓரிரு மாதத்துக்குள் இந்தத் தாகம் வந்து, கூடவே சோர்வும் வாந்தியும் இருந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். சீழ் வெளியே வடிந்தால் தப்பித்தீர்கள், கண்ணுக்குத் தெரியும். கருப்பையின் வாய் மூடியிருந்தால் ஒன்றுமே வெளியே வராது, வயிறு மட்டும் கனக்கும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் உடனே. 'பருவம் முடிஞ்சு அசதியா இருக்கா' என்று ஒரு வாரம் விட்டவர்கள் நாயை இழந்திருக்கிறார்கள்.

எவ்வளவு குடித்தால் அதிகம்? அளந்து பார்க்கலாம். காலையில் லிட்டர் கணக்கில் ஊற்றுங்கள், மறுநாள் காலை மிச்சத்தை அளங்கள். எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 100 மில்லியைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டிய அளவு. இருபது கிலோ நாய்க்கு இரண்டு லிட்டர். மூக்கு ஈரமாக இருந்தால் நாய் நன்றாக இருக்கிறது, புல் தின்றால் தானே வைத்தியம் பார்த்துக்கொள்கிறது என்ற கதைகளை விட, இந்த ஓர் அளவு ஆயிரம் மடங்கு உபயோகம்.

மழைக்காலத்தில் காய்ச்சலும் வாந்தியும் உடம்பு வலியும் வந்து, கண் வெள்ளையும் ஈறும் மஞ்சளித்தால் லெப்டோ என்ற எலிக்காய்ச்சலை நினையுங்கள். எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரில் நடந்தாலே போதும், புண் வழியாக ஏறிவிடும். உண்ணி கொண்டுவரும் பபீசியாவிலும் மஞ்சளும் சிவந்த மூத்திரமும் வரலாம். இரண்டையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது. ஆனால் லெப்டோ மனிதருக்கும் தொற்றும். சந்தேகம் வந்த நாளிலிருந்தே அந்த நாயின் மூத்திரத்தைக் கையுறை போடாமல் துடைக்காதீர்கள், குழந்தைகளைத் துடைக்க விடாதீர்கள்.

குட்டி நாயின் கணக்கே வேறு. வாந்தியும் நாற்றம் எடுக்கும் ரத்தப் பேதியும் வந்தால் பார்வோ என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள், நாளை என்று ஒன்று அதற்கு இல்லாமல் போகலாம். ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போட வேண்டிய ஊசியை, ஒன்றோடு நிறுத்திவிட்டு "ஊசி போட்டாச்சு" என்று சொல்லும் வீடுகள் எத்தனை! கண்ணிலும் மூக்கிலும் சீழ் மாதிரி ஒழுகி, இருமலும் பேதியும் வந்து, எல்லாம் அடங்கி இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலையோ காலோ வெட்டி வெட்டி இழுத்தால் அது டிஸ்டெம்பர். சளி குணமாகி வலிப்பு புதிதாக வந்ததாக நினைப்பார்கள். வந்தது அதே நோய்தான், மூளைக்குப் போயிருக்கிறது.

பெரிய, நெஞ்சு ஆழமான நாய் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வயிறு பானைபோல் உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று நுரை மட்டும் வந்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஓமத் தண்ணீர் காய்ச்சும் நேரம்கூட உங்களுக்கு இல்லை.

இனி சொல்லப்போவது நாயைவிட உங்கள் உயிருக்கானது. நாய் குரல் மாறிக் குரைக்கிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் வடிகிறது, விழுங்க முடியாமல் தவிக்கிறது. பார்ப்பவர் எல்லோரும் "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு" என்பார்கள். பாசத்தில் கையை உள்ளே விடுவார்கள். விடாதீர்கள். வெறிநோயின் ஒரு வகை இப்படித்தான் ஆரம்பிக்கும், கடிக்காமல், ஆக்ரோஷம் காட்டாமல், ஓரமாய் ஒதுங்கிக்கொண்டு. "தண்ணி குடிக்குதே, அப்ப வெறி இல்ல" என்பது ஆளைக் கொல்லும் பொய். தண்ணீரைக் கண்டு மிரள்வது மனிதருக்கு வரும் அறிகுறி, வெறி பிடித்த நாய் தண்ணீருக்கு வாய் வைக்கும். எச்சில் பட்டாலோ கீறல் விழுந்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று சீட்டுத் தேடிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டாதீர்கள். அறிகுறி தொடங்கிய பிறகு மனிதரைக் காப்பாற்றும் மருந்து இன்றுவரை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் படித்துவிட்டு நீங்களே நோயைக் கண்டுபிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. நம் வேலை பார்ப்பது, குறித்துக்கொள்வது, சேர்த்துச் சொல்வது. இப்போது எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைத் தூக்கிப் போடுவதில்லை. அதன் பின்பக்கத்தில் எழுதுகிறோம்: சாப்பிட்டானா, மூத்திரம் என்ன நிறம், எந்தக் கால் நொண்டியது, உண்ணி இருந்ததா. உடம்பு சரியில்லாத நாட்களின் தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து அப்படியே எடுத்துப்போனால் போதும். "ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கான் டாக்டர்" என்பதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. எது முதலில் வந்தது, எது அடுத்து, இடையில் எத்தனை நாள் என்பதில்தான் நோயின் ஜாடை இருக்கிறது.

என் கணக்கு இது. ஓர் அறிகுறி ஒரு நாள் இருந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவது ஒன்று வந்து சேர்ந்துவிட்டால், அது எத்தனை சின்னதாக இருந்தாலும், முதலாவதுடன் ஒட்டவே ஒட்டாததுபோலத் தெரிந்தாலும், அன்றைக்கே போக வேண்டும். குட்டியென்றால் ஒன்றுக்கே போக வேண்டும். செலவு ஆகும், மறுக்கவில்லை. முடியாதவர்களுக்கு அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாட்டிலும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே வரிசையில் நின்றால் வாடகை ஆட்டோ ஓட்டுபவரும் பங்களாக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இத்தனைக்கும் மனமில்லாதவர்கள் நாய் வளர்க்காமல் இருக்கலாம், அதில் தப்பே இல்லை. கட்டிப்போட்ட உயிர் தானாக மருத்துவரிடம் நடந்து போக முடியாது. சங்கிலியின் ஒரு முனை நம் கையில் இருக்கிறவரை, அதன் வலிக்குக் காரணம் தேடும் கடமையும் நம் கையில்தான்.

மணிக்கு இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். ஊறவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் போனான்.

இப்போது இருப்பவள் செவலை, தெருவில் கிடைத்தவள். தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் அவள் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெளுத்திருந்தால், மஞ்சளித்தால், நீலம் பாரித்தால், செங்கல் நிறமாய்ச் சிவந்திருந்தால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம். பிறகு காது மடலுக்குள், விரலிடுக்கில், வால் அடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவுகிறேன். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகிறது. இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் நாயின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.